மைனஸ் ஒரு நொடி

பதினேழாவது கணக்கு.
பதினைந்து மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து
நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில்
ஒரு பந்து நேர்மேலே எறியப்படுகிறது.
தரையை அடையும் நேரம் காண்க.
ஈர்ப்பு முடுக்கம் பத்து என்று கொள்க.
காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.
(மே மாத வியாசர்பாடியில்
நாங்களும் கொள்வதில்லை.)

யார் எறிந்தார், எதற்கு எறிந்தார்,
கீழே ஆள் போகிறதா
எதுவும் சொல்லவில்லை.
எனக்கென்னவோ அந்தக் கட்டடம்
எங்கள் எச் பிளாக்காகவே தெரிந்தது.
நாலு மாடி, மேலே மொட்டை மாடி,
டேங்கிலிருந்து சுவர் நெடுக ஒழுகிய பாசிக்கோடு.

முதல் தடவை ஒரு நொடி என்று வந்தது.
புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று.
இரண்டாம் தடவையும் ஒன்று.
மூன்றாம் தடவை
விடையைப் பார்த்துக்கொண்டே போட்டேன்,
அப்போதும் ஒன்று.

"லாரி வந்துட்சி" என்று அம்மா கத்தினாள்.
ஆறு குடம். குடத்துக்கு எழுபத்திரண்டு படி.
மேலே போவது ப்ளஸ்ஸா, கீழே வருவது ப்ளஸ்ஸா
என்று படிக்குப் படி மாற்றிக்கொண்டே ஏறினேன்.
நாலாவது குடம் இடுப்பில் தளும்பி
பாவாடை நனைந்தபோது பிடிபட்டது:
ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும்
ஒரே குறி போட்டிருக்கிறேன்.
மேலே எறியச் சொன்ன பந்தை
மூன்று முறையும் கீழே வீசியிருக்கிறேன்.

குடத்தை நடுப்படியில் வைத்தேன்.
செங்கல் துண்டால் சுவரில் போட்டேன்.
இருபடிச் சமன்பாடு இரண்டாகப் பிளந்தது.
மூன்று.
மைனஸ் ஒன்று.

"மைனஸை அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போடி,
நேரத்துக்கு ஏது மைனஸ்?"
என்றாள் பெனிட்டா, போனில்.
அவள் அண்ணாநகரில் கோச்சிங் போகிறாள்.
மணிக்கு நாற்பது கணக்கு.
நானும் நோட்டில் அடித்தேன்.
மலிவுப் பேனா.
கோட்டுக்குப் பின்னால் அது தெரிந்துகொண்டே இருந்தது.

மைனஸ் ஒரு நொடி என்றால்
எறிவதற்கு ஒரு நொடி முன்னால்.
எறியாத பந்து அப்போது எங்கே இருக்கும்?
கையில் இருக்கும்.
இல்லை, தரையில் என்கிறது கணக்கு.
தரையில் எப்படி?

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன்.
பேசின் பிரிட்ஜ் பக்கம்
சிக்னலுக்கு நின்ற ரயில் ஊதிக்கொண்டிருந்தது.
கீழே டில்லியும் அவன் கூட்டமும்.
"எவ்ளோ ஒசரம் போவுது பாரு" என்று ஒரு குரல்.
நான் பார்க்கவில்லை,
வாயில் கிளிப், தோளில் அப்பாவின் காக்கிச் சட்டை.

கைப்பிடிச் சுவரைத் தாண்டி
என் முகத்துக்கு எதிரே
ஒரு டென்னிஸ் பந்து மேலே போனது.

இங்கிருந்து யாரும் எறியவில்லை.
ஆனால் இங்கிருந்து எறிந்ததுபோலவே போனது.

இருபதில் கிளம்பினால்
ஒரு நொடியில் பதினைந்து மீட்டர் ஏறும்.
பத்தில் என்னைக் கடக்கும்.
என் கணக்கு தொடங்கிய இடத்துக்கு
அது ஏற்கெனவே ஒரு நொடி வயதோடு வந்திருக்கிறது.

தலைக்கு மேலே கொஞ்சம் நின்றது,
நின்றதுபோல இருந்தது.
பிறகு இறங்கி
அதே பத்தில் என்னைக் கடந்தது.
அங்கிருந்து தரைக்கு ஒரு நொடி.
என்னுடைய தப்பு விடை.
அதுவும் இதற்குள்ளேயே இருந்திருக்கிறது,
கடைசித் துண்டாக.

டில்லியின் தோளுக்கு இருபது வருமா தெரியாது.
பந்து யாருடைய பக்கெட்டிலோ விழுந்து
ஒரு பெண் அவன் பரம்பரையையே திட்டினாள்.
பெனிட்டாவுக்குச் சொல்ல போனை எடுத்தேன்.
எப்படியும் மார்க் கிடையாது என்பாள்.
எதிர்க்குறி மூலம் பொருந்தாது என்று
ஒரு வரி எழுதினால்தான் மார்க்.
எழுதுவேன்.

"டேய் டில்லி, இன்னொரு தபா போடுடா."
அண்ணாந்து பார்த்தான்.
அவனுக்கு என்ன தோன்றியதோ, ஓடிவிட்டான்.

பதினெட்டாவது கணக்கு.
ஓர் ஆறு, ஒரு படகு.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
கேப்டன் காட்டன் கால்வாய்
கறுப்பாகக் கிடந்தது.
ஆறு ஓடுகிறது என்று கொள்க.